சாம்பல் அட்டை

செவ்வாய்க்கிழமை. செட்டூபலில் மழை.
ரெபேலு குடும்பம் கடற்கரைப் படத்தை
அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டது.
எண்பது யூரோவும் கூடவே போய்விட்டது.
ஆனாலும் பாட்டரிகளைச் சார்ஜில் போட்டேன்,
அடுப்பில்லாத நாளில் உலை வைக்கிறவள் போல.

நேற்று வீட்டுத் தரகருக்கு வேலை.
கட்டில் போட்டால் கதவு திறக்காத அறையை
அகல லென்ஸில் கூடமாக்கிக் கொடுத்தேன்.
கழிப்பறைக்குள் முதுகைச் சொருகி
முழங்காலிட்டு
ஜன்னல் மூலையில் ஆறு தெரியும்வரை நகர்ந்தேன்.
ஆறு தெரிந்தால் வாடகை ஏறும்.
குடிவரப்போகிறவன் முதல் இரவில்
பெயர் தெரியாமல் என்னைத்தான் திட்டுவான்.

சனிக்கிழமைக் கல்யாணம் இன்னும் கணினியில்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் படம்.
மணப்பெண்ணின் அத்தை எல்லாவற்றிலும் கண்ணை மூடியிருக்கிறாள்.
ஒன்றில் திறந்திருக்கிறாள்,
அதில் மாப்பிள்ளை கொட்டாவி விடுகிறான்.
ஒரு படத்துக் கண்ணை இன்னொரு படத்தில் ஒட்டுவது
பாவமா என்று பாதிரியாரைத்தான் கேட்கவேண்டும்.
அவர் மூக்கிலும் கொஞ்சம் பளபளப்பு எடுக்கவேண்டியிருக்கிறது.

மாத முடிவு. கணக்கு.
பச்சை ரசீது என்று இன்னும் சொல்கிறோம்.
பச்சையும் இல்லை, காகிதமும் இல்லை,
திரையில் நாலு கட்டம்.
எல்லா வரிக்கும் மேலே அதே வரி:
அபீலியு, கணவாய் வறுவல் கடை,
பட்டியலட்டைக்கு இருபத்திரண்டு தட்டு,
நூற்றி எண்பது யூரோ, நிலுவை.

மார்ச்சில் தருகிறேன் என்றார்.
எந்த மார்ச் என்று நான் கேட்கவில்லை.
கேட்கத்தான் ஐந்து முறை போனேன்.
ஐந்து முறையும் உட்கார வைத்து
எலுமிச்சை பிழிந்து ஒரு தட்டு வைத்தார்.
உப்பிட்டவரிடம் பாக்கி கேட்க
எந்த நாக்கு எழும்.

பதினொன்றே காலுக்கு அவர் மகள் செலியா எழுதினாள்:
அப்பா வியாழக்கிழமை போய்விட்டார்.
கல்லறைக்குப் பீங்கானில் சுட்ட படம் வேண்டும்.
நீள்வட்டம். ஏழுக்கு ஒன்பது சென்டிமீட்டர்.
வீட்டில் இருப்பதெல்லாம்
அவர் எடுத்த எங்கள் படங்கள்.
உங்களிடம் ஏதாவது?

தேடினேன்.
இறால் சோற்றுக்கும் சூரை மீனுக்கும் நடுவில் இருந்தார்.
வெளிச்சம் அளக்க
சாம்பல் அட்டையைக் கொடுத்து
கொஞ்சம் பிடியுங்கள் என்றிருக்கிறேன்.
மோவாய்க்குக் கீழே, கைதி எண்ணைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு
அடுக்களையில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார்.
புருவத்தில் மாவு.

இந்த வகைப் படத்துக்கு யாரும் காசு தருவதில்லை.
வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன்.
இதை அழிக்காததற்குக் காரணம் அன்பல்ல,
சோம்பல்.

அட்டைக்கு மேலே வெட்டினேன்.
கன்னத்தில் ஃபிரிட்ஜின் நீலம் விழுந்திருந்தது, எடுத்தேன்.
மாவின் மேல் தூரிகையைக் கொண்டுபோய்
இரண்டு நிமிடம் வைத்திருந்தேன்.
அப்படியே அனுப்பினேன்.

ரொம்ப நேரம் பதில் இல்லை.
பிறகு: எவ்வளவு?

அந்த நூற்றி எண்பது அவளுக்குத் தெரியாது.
ஒன்றும் வேண்டாம் என்று தட்டினேன். அழித்தேன்.
இருபதாம் தேதிக்குள் சமூகக் காப்புத் தொகை கட்டவேண்டும்,
அதற்கு யாரும் கணவாய் வாங்கிக்கொள்வதில்லை.
பதினைந்து என்று எழுதினேன்.
எழுதிய விரலைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நாலு நிமிடத்தில் வந்துவிட்டது பணம்.
அந்த வீட்டிலிருந்து இவ்வளவு வேகமாக
எனக்கு எதுவும் வந்ததில்லை.

ரசீது போட்டேன். பதினைந்து. செலுத்தப்பட்டது.
அதற்கு மேலே அவருடைய வரி.
ரத்து செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது,
காரணம் கேட்கும், ஐந்து காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்.
ஐந்திலும் அவர் இல்லை.

இருக்கட்டும்.
மார்ச்சில் தருகிறேன் என்றிருக்கிறார்.

மழை விட்டமாதிரி இருக்கிறது.
ரெபேலுவின் மனைவி கேட்கிறாள்,
நாலு மணிக்கு வரமுடியுமா,
குழந்தைக்கு இப்போதுதான் சட்டை காய்ந்தது.
பாட்டரி நிரம்பியிருக்கிறது.
சாம்பல் அட்டையை எங்கே வைத்தேன்.